முட்டை ஓட்டிலிருந்து முடிவு வரை: மம்மி ஒட்டுண்ணி ஆய்வுகளை ஒரு மொழியாசிரியர் வாசித்தால்

மம்மி என்று சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அதோடு புழு என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால் கடைசி வரிசை மாணவன்கூட தலையைத் தூக்கிப் பார்ப்பான். கருத்துணர்தலுக்கு அறிவியல் பனுவல் தேடும் நம்மில் பலர் இந்தப் பக்கம் போவதில் வியப்பில்லை. சுற்றில் இருக்கும் பயிற்சித்தாள்களில் இப்படிப்பட்ட பனுவல்கள் சில உண்டு. படிக்கச் சுவையாகத்தான் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஆய்வாளர் கண்ணால் கண்டதும், கண்டதை வைத்து அவர் ஊகித்ததும் ஒரே வாக்கியத்தில், ஒரே வினைமுற்றில் முடிந்துவிடுகின்றன. "பண்டைய எகிப்தியர்கள் புழு நோயால் மடிந்தனர்" என்று ஒரு வரி. உண்மையில் நுண்ணோக்கியில் தெரிந்தது முட்டை ஓடு மட்டுமே. மடிந்தது அதனாலா என்று அந்த ஓடு சொல்லவில்லை.

பதப்பட்ட உடல்களிலும் பழைய கழிவுகளிலும் ஒட்டுண்ணிகளின் எச்சத்தைத் தேடும் இத்துறைக்குத் தொல் ஒட்டுண்ணியியல் என்று பெயர். பெயரை 1979-ல் சூட்டியவர் பிரேசில் ஆய்வாளர் லூயிஸ் பெர்னான்டோ ஃபெரேய்ரா. வேலை அதற்கும் எழுபது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது. இக்கட்டுரையில் அத்துறையின் முக்கிய எழுத்துகள் சிலவற்றை எடுத்து, அவை தம் ஆதாரத்துக்கு எவ்வளவு நேர்மையாக இருக்கின்றன என்று பார்க்கிறேன். அறிவியல் ஆசிரியரின் வேலையில் தலையிடும் எண்ணம் இல்லை. ஆதாரத்துக்கும் கூற்றுக்கும் உள்ள தூரத்தை அளப்பது மொழிப்பாடத்தின் வேலைதான், இல்லையா?

ரஃபரின் ஒரு பக்கம்

முதலில் வருவது மார்க் அர்மான் ரஃபர். பிரான்சில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, கெய்ரோவில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர். அவர் 1910-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் குறிப்பு. எகிப்தின் 20-ஆம் அரசமரபைச் சேர்ந்த இரண்டு மம்மிகளின் சிறுநீரகத்தில் பில்ஹார்சியா ஒட்டுண்ணியின் முட்டைகள் சுண்ணமேறிக் கிடந்தன என்பதுதான் செய்தி. மூவாயிரம் ஆண்டுப் பழமையான உடல்கள் அவை.

காய்ந்து கல்லாகிப்போன திசுவை மெல்லிய சீவலாக வெட்ட முடியாது, வெட்டினால் பொடியாகிவிடும். ஆகவே ரஃபர் ஒரு கரைசலைத் தயாரித்தார். ஆல்கஹால் 30 பங்கு, தண்ணீர் 50 பங்கு, 5 விழுக்காட்டுச் சோடியம் கார்பனேட் கரைசல் 20 பங்கு. இதில் ஊறவைத்தால் திசு மீண்டும் மிருதுவாகும். இன்றுவரை அதற்கு ரஃபர் கரைசல் என்றே பெயர். அந்தப் புழுவை 1851-ல் கெய்ரோ மருத்துவமனையில் தியோடர் பில்ஹார்ஸ் முதன்முதலில் கண்டறிந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அறுபது ஆண்டுக்குள் அதே நகரிலிருந்து அதே ஒட்டுண்ணியின் வரலாறு மூவாயிரம் ஆண்டு பின்னோக்கி நீண்டுவிட்டது.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை எழுதும்போது யாருக்கும் பேனா கொஞ்சம் துள்ளும். ரஃபரின் பேனா துள்ளவில்லை. எத்தனை உடல், எந்த உறுப்பு, உறுப்பில் எந்த இடம், என்ன நிலையில் இருந்தது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். எகிப்தியரெல்லாம் நோயாளிகள் என்று சொல்லவில்லை. அந்த இருவரும் இதனால்தான் இறந்தார்கள் என்றும் சொல்லவில்லை. இத்துறையில் நான் வாசித்தவற்றில் மொழி ஒழுக்கத்துக்கு இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். சுருக்கமாக இருப்பதால் மட்டுமல்ல, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பதால்.

ஒரு சொல்லைச் சுற்றிய வட்டம்

ரஃபர் நின்ற இடத்தில் பின்வந்தவர்கள் எல்லாரும் நிற்கவில்லை. நம்மைப் போன்ற மொழிக்காரர்களுக்கு மிகச் சுவையான பகுதி இங்கேதான் இருக்கிறது.

எகிப்திய மருத்துவச் சுவடிகளில், குறிப்பாகக் கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எபர்ஸ் சுவடியில், ஒரு நோய்ப்பெயர் அடிக்கடி வருகிறது. தமிழில் எழுதினால் ஏறக்குறைய 'ஆஆ' என்று வரும். அச்சொல்லோடு எழுதப்படும் படக்குறி ஆண்குறியிலிருந்து ஏதோ வடிவதைக் காட்டுவது. எபர்ஸ் சுவடியை 1937-ல் ஆங்கிலத்தில் பெயர்த்த எபெல் இதைச் சிறுநீரில் இரத்தம் போகும் நோய் என்று கொண்டார். 1944-ல் ஜான்கியர் என்ற பெல்ஜிய அறிஞர் இதற்காகவே தனி நூல் எழுதி, இது பில்ஹார்சியாவே என்று வாதிட்டார். முட்டை உடலில் இருக்கிறது, நோயின் பெயர் சுவடியில் இருக்கிறது, இரண்டும் பொருந்திவிட்டன. பாடநூல்களும் பொதுநூல்களும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டன.

பிறகு சிலர் சுவடியைத் திரும்ப எடுத்து நிதானமாகப் படித்தார்கள். அச்சொல் வரும் இடங்களில் வயிறும் நெஞ்சும்தான் பேசப்படுகின்றன, சிறுநீர் பேசப்படவில்லை. தீய சக்தி ஒன்று உடலுக்குள் செலுத்தும் நச்சுநீர் என்ற பொருள்தான் அந்தச் சூழல்களுக்குப் பொருந்துகிறது என்று மொழியறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். 1996-ல் வந்த ஜான் நன்னின் எகிப்திய மருத்துவ நூலும் பழைய பொருளை ஏற்கத் தயங்குகிறது.

இதில் என்ன கோளாறு நடந்தது என்று கவனித்தால் மாணவர்களுக்கு ஒரு நல்ல தருக்கப் பாடம் கிடைக்கும். மம்மியில் முட்டை இருப்பதால் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்றார்கள். பிறகு, அந்தச் சொல் இருப்பதால் எகிப்தியருக்கு இந்நோய் தெரிந்திருந்தது என்றார்கள். முதல் கூற்றுக்கு இரண்டாவது சாட்சி. இரண்டாவதற்கு முதலாவது சாட்சி. வட்டமாகச் சுற்றுகிறது, எங்கும் போய்ச் சேரவில்லை.

நம் இலக்கியத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென விளங்கும். சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியில் பசலை படர்கிறது. நிறம் வெளிறுகிறது, உடல் மெலிகிறது, வளை நெகிழ்கிறது. யாராவது ஒருவர் வந்து, "பசலை என்பது இரத்தச்சோகை; கொக்கிப்புழுவால் வந்தது" என்று சொன்னால் நாம் ஏற்போமா? அறிகுறிகள் ஓரளவு ஒத்துப்போகின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் எந்தத் திணையில், யார் கூற்றில், எதற்குப் பதிலாக வருகிறது என்று கேட்காமல் பொருள் சொல்ல முடியாது. சுவடியை ஆய்வுக்கூடத்தின் அடிக்குறிப்பாக மட்டும் பார்த்தவர்கள் மறந்தது இந்த அடிப்படைப் பாடத்தைத்தான். இந்த விஷயத்தில் மொழிக்காரர்கள் திருத்தியதே சரியென்பது என் துணிபு.

நெசவாளர் நக்த்தும் எண் 1770-உம்

எகிப்திய மம்மி ஆய்வுகளில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. புழுக்கள் பெரும்பாலும் குடலில் வாழ்பவை. பதப்படுத்துபவர்கள் முதலில் எடுத்துவிடுவதோ குடலைத்தான். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் எல்லாம் வெளியே போய்விடும். இதயத்தை விட்டுவைப்பார்கள். முதுகுப்பக்கம் ஒட்டிக் கிடக்கும் சிறுநீரகம் பல நேரம் தப்பிவிடும். ரஃபருக்குச் சிறுநீரகம் கிடைத்தது இதனால்தான். அதாவது, பணம் செலவழித்து நன்றாகப் பதப்படுத்தப்பட்ட உடலில்தான் நமக்குத் தேவையான சான்று குறைவு.

1974-ல் கனடாவின் டொரொண்டோவில் பிரிக்கப்பட்ட ஓர் உடல் இதற்கு நேர்மாறு. பெயர் நக்த். தீப்ஸ் நகரத்தவன், நெசவுத் தொழிலாளி, பதின்ம வயது. ஏறத்தாழ கி.மு. 1200-ஐச் சேர்ந்தவன். அவன் குடும்பத்துக்குப் பதப்படுத்தும் வசதி இல்லை போலும். உறுப்புகள் எதுவும் அகற்றப்படவில்லை. கழுவி, துணி சுற்றி, பெட்டியில் வைத்திருந்தார்கள். எகிப்தின் வறண்ட காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. மூளைகூட சுருங்கி உள்ளேயே இருந்தது.

பலதுறை மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வின் முடிவுகள் 1977-ல் கனடிய மருத்துவ இதழில் தொடர் கட்டுரைகளாக வந்தன. கல்லீரலில் பில்ஹார்சியா முட்டைகளும் அவை உண்டாக்கிய தழும்பும். குடலில் நாடாப்புழு முட்டைகள். விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசையில் டிரிக்கினெல்லா புழுவின் உறை. நுரையீரலில் அடுப்புப் புகையும் விளக்குப் புகையும் படிந்த கரி.

இந்தக் கட்டுரைத் தொகுப்பின் பலம், ஒவ்வொரு தடயமும் ஒரு வாழ்க்கைச் செயலை நோக்கிக் கைகாட்டுவது. பில்ஹார்சியா என்றால் நத்தை வாழும் தேங்கிய நீரில் கால் வைத்தவன். நாடாப்புழு என்றால் இறைச்சி சாப்பிட்டவன். டிரிக்கினெல்லா என்றால் சரியாக வேகாத இறைச்சி, பெரும்பாலும் பன்றி. எகிப்தியர் பன்றியைத் தீட்டாகக் கருதினார்கள் என்று ஹெரொடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்திய ஒரு நெசவாளியின் தசை வேறொன்று சொல்கிறது. எழுதப்பட்ட வரலாறும் உழைப்பாளி சாப்பிட்ட சாப்பாடும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆனாலும் இங்கேயும் ஒரு நிதானம் வேண்டும். பன்றி நாடாப்புழுவின் முட்டையும் மாட்டு நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரித்தான் இருக்கும். முட்டையை மட்டும் வைத்து எந்த இறைச்சி என்று சொல்ல முடியாது. நக்த்தின் கதையைச் சுருக்கி எழுதும் பொதுக் கட்டுரைகளில் காணாமல் போவது இந்த நுணுக்கம்தான்.

அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரோசலி டேவிட் தலைமையில் இன்னொரு மம்மியின் துணி பிரிக்கப்பட்டது. ஏறக்குறைய 13, 14 வயதுச் சிறுமி. பெயர் தெரியாததால் அருங்காட்சியக எண்தான் அவள் பெயர்: 1770. எக்ஸ்ரே படத்தில் அவள் வயிற்றுச் சுவரில் சுண்ணமேறிய ஒரு புழு தெரிந்தது. கினிப் புழுவின் ஆண் என்று அடையாளம் கண்டார்கள். அச்சிறுமியின் கால்கள் முழுமையாக இல்லை. செய்து வைத்த பாதங்களோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். கினிப் புழு வழக்கமாகக் காலில்தான் புண்ணை உண்டாக்கி வெளியேறும். அப்படியானால் அந்தப் புண் அழுகி, கால்களை வெட்ட வேண்டியதாகிவிட்டதா? கேள்வி நியாயமானது. ஆனால் அது கேள்வியாகவே இருக்க வேண்டியது. பொதுவாசகர் பதிப்புகளில் அது சீக்கிரமே விடையாகிவிடுகிறது.

இந்தப் புழுவுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: நரம்புச் சிலந்தி. மாணவர்கள் உடனே எட்டுக்கால் பூச்சியை நினைப்பார்கள். சிலந்திக்குக் கட்டி, புண் என்ற பொருளும் நம் அகராதிகளில் இருக்கிறது. நரம்பு போல நீண்ட ஒன்று வெளிவரும் கட்டி என்று பிரித்துக் காட்டினால், நோயைக் கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர் என்று விளங்கும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் பதிவானார். 2000-ல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டது என்று சான்றளித்தது. கிணற்று நீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தே பெரும்பகுதி வேலை முடிந்தது, தடுப்பூசியே இல்லாமல். இப்படி ஒரு செய்தி கையில் இருக்கும்போது பனுவலில் 'டிராகன்குலஸ்' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடுவது நமக்கு நாமே செய்யும் நட்டம்.

283 உடல்கள்

முட்டையைத் தேடுவதிலிருந்து மரபணுவைத் தேடுவதற்கு இத்துறை மாறியபின் வந்த ஆய்வுகளில் பெரியது ஆர்தர் ஆஃப்டர்ஹைடே குழுவினருடையது. 2004-ல் வெளியானது. சிலியின் வடக்கிலும் பெருவின் தெற்கிலும் அட்டகாமா பாலைவனத்தின் வறட்சி தானாகவே பதப்படுத்திய உடல்களும், சின்சோரோ மக்கள் தம் கையால் பதப்படுத்திய உடல்களும் அங்கே உண்டு. அவர்களின் பதப்படுத்தும் பழக்கம் எகிப்தியரைவிடப் பழையது. 283 மம்மிகளின் திசுவில் சாகஸ் நோய்க்கிருமியின் மரபணுத் துண்டைத் தேடினார்கள். 40.6 விழுக்காட்டு உடல்களில் கிடைத்தது. ஏறத்தாழ 9,000 ஆண்டு இடைவெளியில், ஒரு பண்பாட்டுக் குழுவுக்கும் இன்னொன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த ஆய்வு அழகாகக் கட்டப்பட்டது. அதன் மையவாதமும் வலுவானது. இந்நோய் விலங்குகளுக்கும் அவற்றின் இரத்தம் குடிக்கும் மூட்டைப்பூச்சி வகைக்கும் இடையே முன்பே சுற்றிக்கொண்டிருந்தது. மனிதர்கள் அந்தக் கரைக்கு வந்து குடியேறியதும் அவர்களும் அந்தச் சுற்றுக்குள் சேர்ந்துவிட்டார்கள். பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்களே நாம்தான் என்றுகூடச் சொல்லலாம்.

விழுக்காடு மேற்கோளாக வெளியே போகும்போதுதான் பிரச்சினை. "பண்டைய சிலி மக்களில் 40 விழுக்காட்டினருக்குச் சாகஸ் நோய்" என்று எழுதினால் அது வேறு கூற்று. எண்ணப்பட்டவர்கள் இறந்தவர்கள், அதிலும் உடல் கெடாமல் கிடைத்தவர்கள். உயிரோடிருந்த ஊரின் கணக்கு அதுவல்ல. மறுபக்கம், கிருமி கிடைக்காத உடல்கள் நோயற்றவை என்றும் சொல்ல முடியாது; மரபணு சிதைந்தும் போயிருக்கலாம். இல்லை என்பதற்கும் கிடைக்கவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் மாணவனுக்குப் புரியாத ஒன்றல்ல. எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

தோட்டத்திலிருந்து பெருவுக்கு

இதுவரை சொன்னவை எகிப்திலும் சிலியிலும் நடந்தவை. கடைசியாக எடுப்பது நம் மண்ணில் தொடங்கியது. மம்மி ஆய்வில் புகழ்பெற்ற ஒரு வாதத்தின் வேர் மலாயாவில் இருக்கிறது.

1915 முதல் 1917 வரை, அமெரிக்க ராக்ஃபெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு நோயை ஆராய ஒரு குழுவைக் கீழை நாடுகளுக்கு அனுப்பியது. சாமுவேல் டார்லிங், பார்பர், ஹாக்கர் ஆகிய மூவர் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் வேலை செய்தார்கள். ரப்பர் தோட்டங்கள் அவர்களுக்கு முக்கியக் களம். தோட்டம் என்றால் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொக்கிப்புழுவில் மனிதரைத் தாக்கும் முக்கிய இனங்கள் இரண்டு: ஆங்கிலோஸ்டோமா, நெக்கேட்டர். இரண்டின் முட்டையையும் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆகவே மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களைக் கழுவி, எண்ணி, இனம் பிரித்தார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தவர் உடலில் எந்தப் புழு அதிகம் என்று பட்டியல் போட்டார்கள்.

அந்தப் பட்டியலிலிருந்து டார்லிங்குக்கு ஒரு யோசனை வந்தது. மனிதன் போகும் இடமெல்லாம் தன் ஊர்ப் புழுவையும் கொண்டுபோகிறான். அப்படியென்றால் புழுவை வைத்தே மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லலாமே! கொக்கிப்புழுவின் குஞ்சு வளரச் சூடான, ஈரமான மண் வேண்டும். சைபீரியா வழியாக, உறைபனியில் தலைமுறை தலைமுறையாக நடந்து அமெரிக்காவுக்குப் போனவர்களிடம் அது தங்கியிருக்க முடியாது. அமெரிக்கப் பழங்குடியிடம் கொலம்பஸுக்கு முன்பே இப்புழு இருந்தது என்று நிரூபணமானால், சிலராவது கடல் வழியே வந்திருக்க வேண்டும். 1920-ஐ ஒட்டி அவர் இதை எழுதினார்.

1974-ல் அந்த நிரூபணம் வந்தது. பெருவில் ஏறத்தாழ கி.பி. 900-ஐச் சேர்ந்த மம்மியின் குடலில் கொக்கிப்புழுக்களையே ஆலிசன் குழுவினர் கண்டார்கள், முட்டையை அல்ல. பிறகு பிரேசிலில் 7,000 ஆண்டுக்கு மேல் பழைய மனிதக் கழிவிலும் கொக்கிப்புழு முட்டை கிடைத்தது. ஃபெரேய்ராவும் அவர் சக ஆய்வாளர் அரவுஜோவும் கடல்வழி வாதத்தை இதன்மேல் கட்டி எழுப்பினார்கள்.

வாதம் கவர்ச்சியானது. ஆனாலும் அதில் ஒரு கண்ணி பலவீனம். குளிர் மண்ணில் புழு செத்துவிடும் என்பதுதான் அதன் அச்சாணி. 1973-ல் ஷாட் குழுவினர் வங்காளத்தில் செய்த ஆய்வு, ஆங்கிலோஸ்டோமாவின் குஞ்சு மண்ணில் சாதகமில்லாத பருவத்தை மனித உடலுக்குள்ளேயே வளராமல் கிடந்து கடத்திவிடும் என்று காட்டியது. மாதக்கணக்கில் உறங்கும் புழு பனிக்காலத்தைத் தாண்டாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே "கடல் வழியே வந்திருக்க வேண்டும்" என்ற வாக்கியம் "வந்திருக்கலாம்" என்று இறங்கியாக வேண்டும். பல நூல்கள் இன்னும் இறக்கவில்லை.

இந்த ஆய்வு வரிசையில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. ரஃபரின் இரு மம்மிகளுக்குப் பெயர் இல்லை. மான்செஸ்டர்ச் சிறுமி ஓர் எண். மலாயாத் தோட்டத்தில் மருந்து குடித்து, மறுநாள் வாளியோடு வந்து நின்ற தொழிலாளியும் பட்டியலில் ஓர் எண்தான். அவர் உயிரோடிருந்தார் என்பது மட்டுமே வேறுபாடு. எந்த இனத்தில் எந்தப் புழு என்று கேட்ட அறிக்கை மரபு, அவர் ஏன் வெறுங்காலோடு நடந்தார், லயத்தில் ஏன் கழிப்பிடம் இல்லை என்ற கேள்விகளை அந்த அளவு உரக்கக் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1902-ல் இதே கொக்கிப்புழுவைப் பத்திரிகைகள் சோம்பலின் கிருமி என்று அழைத்தன. இரத்தம் குறைந்து உடல் சோர்ந்தவனைச் சோம்பேறி என்று சொல்வது எளிது. நம் தாத்தா பாட்டிகள் காலத்தில் தோட்டத்தில் அந்தப் பட்டத்தைக் கேட்காதவர்கள் குறைவு. 'பூச்சி மருந்து' குடித்த கதை இன்னும் பல குடும்பங்களில் சிரிப்போடு சொல்லப்படுகிறது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருப்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளலாம்.

இந்தப் பார்வையில்தான் நக்த் பற்றிய கட்டுரைகள் மற்றவற்றிலிருந்து உயர்ந்து நிற்கின்றன. பெட்டியில் பெயர் எழுதியிருந்தது ஒரு காரணம். அதைவிட முக்கியம், அங்கே ஒட்டுண்ணி ஓர் இனத்தின் அடையாளமாக வாசிக்கப்படவில்லை. ஒருவன் எந்த நீரில் நின்றான், எதைத் தின்றான், எந்தப் புகையைச் சுவாசித்தான் என்று வாசிக்கப்பட்டது. ஆதாரமும் கெடவில்லை, ஆளும் காணாமல் போகவில்லை.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இதை மூன்று வேலைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மூன்று பத்திப் பட்டியல்: கண்டது, அதிலிருந்து ஊகித்தது, இன்னும் தெரியாதது. நக்த் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு செய்தியையும் உரிய கட்டத்தில் போடச் சொல்லுங்கள். "நாடாப்புழு முட்டை இருந்தது" எங்கே போகும், "அவன் பன்றி இறைச்சி சாப்பிட்டான்" எங்கே போகும் என்று கேட்டால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடும். அந்த வாதம்தான் நமக்கு வேண்டிய உயர்நிலைச் சிந்தனை.

இரண்டாவது, வினைமுற்றுப் பயிற்சி. தமிழில் உறுதியின் அளவைக் காட்ட அருமையான வசதி இருக்கிறது. "இருந்தது", "இருந்திருக்க வேண்டும்", "இருந்திருக்கலாம்", "இருந்தது என்பர்". இந்த நான்கும் நான்கு அளவு நம்பிக்கை. ஒரே செய்தியை நான்கிலும் எழுதவைத்து, எந்த ஆதாரத்துக்கு எது தகும் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கும்போது நம்மவர்கள் முதலில் கைவிடுவது இந்த 'லாம்'-ஐத்தான். வாக்கியம் கம்பீரமாகிறது, உண்மை மெலிந்துபோகிறது.

மூன்றாவது, சொல் வேலை. சாட்டைப்புழு, நாடாப்புழு, கொக்கிப்புழு, நரம்புச் சிலந்தி. ஒவ்வொரு பெயரும் வடிவத்தையோ அறிகுறியையோ காட்டும் பெயர். நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்ற அறிவியல் பெயருக்கு 'அமெரிக்கக் கொலையாளி' என்று பொருள். ஆனால் அது அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைக் கப்பல்களில் வந்தவர்களோடு சேர்ந்து போயிருக்கலாம் என்றே கருதுகிறார்கள். ஒரு பெயர் யார்மேல் பழி போடுகிறது என்று மாணவர்களைக் கேட்கவைக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பனுவலைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மம்மியின் சாபம்', 'புழு தின்ற மன்னன்' போன்ற தலைப்புகள் மாணவனை ஐந்து நிமிடம் பிடித்துவைக்கும். ஒரு முட்டை ஓடு எவ்வளவு சொல்லும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்று காட்டும் பனுவல் நாளிதழ்ச் செய்தியிலும் கைப்பேசியில் வரும் மருத்துவத் தகவலிலும் அவனுக்குக் கைகொடுக்கும். "இதைக் கண்டார்களா, நினைத்துக்கொண்டார்களா?" என்று அவன் தானாகவே கேட்கத் தொடங்கினால், நாம் எடுத்த பாடம் தேர்வுத்தாளைத் தாண்டிவிட்டது என்று பொருள்.